கல்லாந்திட்டுத் தண்ணி

இருமல் மருந்து தீந்துபோன பழைய பாட்டிலு ஒண்ணு கஸ்பாரு சட்டைப் பைக்குள்ள கெடந்துக்கிட்டு, ஜீப்பு ஒவ்வொரு பள்ளத்துல எறங்கி ஏறும்போதும் அவன் நெஞ்செலும்புல டொக்கு டொக்குன்னு தட்டுது, உள்ள யாரு இருக்கான்னு கேக்குற மாதிரி. உள்ள ஒருத்தரும் இல்ல, அப்புறமா வான்னு மனசுக்குள்ள சொல்லிட்டு அவன் கியர மாத்துதான். ரெண்டு பக்கமும் உப்பளம், பாத்தி பாத்தியா வெளுத்துக் கெடக்கு, கண்ணக் கூசுது. வேற நாளா இருந்தா இந்நேரம் ரெண்டு பாட்டுப் பாடி முடிச்சிருப்பான். வரப்புல உப்பு சொமக்கிற அக்காமாருக்கெல்லாம் ஹாரன் அடிச்சு, "என்னக்கா, இப்பிடி அள்ளிட்டுப் போறிய, கடலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க"ன்னு கத்தி, பதிலுக்கு நாலு ஏச்சு வாங்கி, அதையும் காலை பலகாரம் மாதிரி தின்னுட்டுப் போவான். கடல் ஆராய்ச்சி நெலையத்துல அவன் ஜீப்பு டிரைவரு. பத்தாங்கிளாஸ் பெயிலு, வாய் மட்டும் பெரிய படிப்பு. அந்த வாய் இன்னைக்கி ஒட்டிக் கெடக்கு. பக்கத்து சீட்டுல மடியில பாட்டிலுப் பெட்டிய வச்சுக்கிட்டு வடிவு மேடம். சுடலைவடிவுன்னு முழுப்பேரு, சங்கரன்கோயில் பக்கம் ஊரு, காலேஜுக்கு வந்தப்புறந்தான் கடல நேர்ல பாத்த பிள்ள, ஆனா அந்தக் கடல்ல கண்ணுக்குத் தெரியாம கெடக்கிற பூச்சியளப் பத்தித்தான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கா. உப்பு இல்லன்னா உசுர விடுற பாக்டீரியா. "என்னண்ணே, ரேடியோ இன்னைக்கி பாடல? பேட்டரி போச்சோ?"ன்னு கேக்கா. "தொண்ட கட்டிருக்கு மேடம்." "அதான் பையில மருந்து பாட்டிலா?" அவன் சட்டுன்னு கையால பைய மூடுனான். மூடுனது தப்பு. மூடாம இருந்திருந்தா மருந்து பாட்டிலு மருந்து பாட்டிலாவே இருந்திருக்கும், மூடுனதுனால அது என்னமோ ஆயிருச்சு. அவ பாத்தாளா? பாக்கல. வெளிய பாத்துக்கிட்டு இருக்கா. பாத்திருந்தாலும் மருந்துன்னுதான நெனைப்பா, நல்ல பிள்ள, அதுதான வினை, அந்தப் பிள்ள சொன்னத நம்பும். நம்பாத ஆளுகிட்ட பொய் சொல்லிட்டா ராத்திரி தூக்கம் வரும். நம்புற ஆளுகிட்ட சொன்னா தலகாணி முள்ளாயிரும்.

"அண்ணே, பேரு முடிவு பண்ணிட்டேன்." எதுக்கு மேடம் பேருன்னு தெரியாத மாதிரி கேட்டான். தெரியாமலா? நெலையத்துல ஒரு வருசமா இதே பேச்சுதான். கல்லாந்திட்டுக் குட்டையில இருந்து அன்னைக்கி கஸ்பாரு எடுத்துட்டு வந்தானே தண்ணி, அத ஊறுகாய விட அதிகமா உப்புப் போட்ட தட்டுல தடவி வச்சு, வடிவு காத்துக் காத்துக் கெடந்து, கடைசியில ஒரு நாளு குண்டூசித் தலையளவு செவப்புப் புள்ளி ஒண்ணு மொளச்சுச்சு. அத வளத்து, கழுவி, அதோட ஜீன எடுத்து, இதுவரைக்கும் உலகத்துல பேரு வச்ச பூச்சி எல்லாத்து கூடயும் பொருத்தம் பாத்தா. சொந்தம்னு பாத்தா தூரத்துச் சித்தப்பா முறைதான் வருதாம், கூடப்பொறந்தது ஒண்ணுமில்லயாம். அப்ப புதுசு. புத்தம் புதுசு. அன்னைக்கி அவ லட்டு வாங்கிட்டு வந்து மொதல் லட்ட இவன் வாயிலதான் வச்சா. அந்த லட்டு இன்னும் எறங்கல. "ஒங்க பேருதான் வைக்கப் போறேன்ணே. பின்னாடி லத்தீன்ல கஸ்பாரின்னு வரும். நான் அம்மை போட்டுக் கெடந்தப்ப அந்த வெயில்ல தன்னந்தனியா ஓடையத் தாண்டிப் போயி எடுத்துட்டு வந்திய. நீங்க இல்லன்னா இது இல்ல." டொக்கு. டொக்கு. அடிப்பாவி மவளே, வேண்டாம். அவனுக்கு ஞானஸ்நானத்துல அந்தப் பேரு வச்சது, ஏசு பொறந்தப்ப பாக்கப் போன மூணு ராசாக்கள்ல ஒருத்தரு பேருன்னு. நச்சத்திரத்தப் பாத்து பாலைவனம் தாண்டிப் போன ராசா. இந்தக் கஸ்பாரு எதத் தாண்டுனான்? அக்கா வீட்டு வாசப்படியத் தாண்டுனான்.

ஆமா, வாசப்படிதான். அன்னைக்கி அக்கா மவனுக்கு புதுநன்மை, கோயில்ல மொதல் தடவ நன்மை வாங்குற நாளு. வெள்ளை உடுப்புல மெழுகுதிரியப் பிடிச்சுக்கிட்டு மருமவன் சம்மனசு மாதிரி நிக்கான், தாய்மாமன் வராம இருக்க முடியுமா, சொல்லுங்க. தலையக் காட்டிட்டு கல்லாந்திட்டுக்குப் போயிரலாம்னுதான் ஜீப்ப வேப்பமரத்தடியில நிப்பாட்டுனான். தலையக் காட்டுனான், வாய் சும்மா இருக்குமா, பிரியாணியக் காட்டிட்டாங்க. பெறவு மச்சான் ஒருத்தன் பாயக் காட்டிட்டான். கண்ணு முழிக்கையில வெயிலு சாஞ்சு போச்சு, ஓடையில தண்ணி ஏறிருக்கும், ஜீப்புல வடிவு மேடம் நீராவியில அவிச்சு மூடி குடுத்த பாட்டிலெல்லாம் காலியா வரிசையா உக்காந்து அவனப் பாக்குது, பசிச்ச பிள்ளையள மாதிரி. வீட்டுக்கு வந்தான். வீட்டுப் பின்னால பிலோமியோட கருவாட்டுத் தொட்டி. அவன் பொண்டாட்டி பிலோமி சாளை மீனுக் கருவாடு போடுறவ. அந்தத் தடவ தொட்டித் தண்ணி செவப்புத் தட்டிக் கெடந்துச்சு. கல்லாந்திட்டுக் குட்டையும் கோடையில இதே செவப்புதான, ரெண்டும் உப்புத் தண்ணிதான, உப்புல என்ன எங்கவீட்டு உப்பு ஒங்கவீட்டு உப்புன்னு நெனச்சான். நெனச்சதுகூட இல்ல, கை நெனச்சுச்சு. பிலோமியோட கோயில் முக்காட்ட எடுத்து வடிகட்டி, பாட்டில ரொப்பி மூடிட்டான். மறுநாளு வடிவு, மூஞ்சி பூரா அம்மைத் தழும்போட, பாட்டில்ல ஒட்டுற சீட்டும் பேனாவும் வச்சுக்கிட்டு, "எடம் சொல்லுங்கண்ணே"ன்னா. "குட்டை மேடம். நட்ட நடுவுல." எவ்வளவு லேசா வந்துச்சு வாயில. நட்ட நடுவுலன்னு எவனாவது கேட்டானா? பொய்க்கு அவனே ஒரு நடுவும் போட்டுக் குடுத்தான், சீலைக்கு முந்தி வைக்கிற மாதிரி. ஒரு வாரங் கழிச்சு அவ ஓடி வாரா, "அண்ணே, தண்ணியில ஒரு மீன் செதிலு கெடந்துச்சு! அம்புட்டு உப்புல மீனு எப்பிடி இருக்கும்? ஆச்சரியமா இருக்கே!" முக்காட்டுக்குத் தப்புன செதிலு. அவனும் ஆச்சரியப்பட்டான். நல்லா கண்ண விரிச்சு, கைய விரிச்சு. அத நெனச்சாத்தான் இப்ப ஸ்டீரிங்கு கை வழுக்குது. பொய் சொன்னதகூட விட்டுத் தொலைக்கலாம், அந்த ஆச்சரியப்பட்டது இருக்கே.

ஜீப்ப வரப்பு முடியிற எடத்துல நிப்பாட்டுனான். இனிமே நடைதான், ஓடை, ஓடைக்கு அங்கிட்டு கல்லாந்திட்டு. வடிவு செருப்பக் கழட்டுதா, பேண்ட்ட மடிச்சு விடுதா, பாட்டிலுப் பெட்டியத் தலையில ஏத்துதா. ஓடை இடுப்பளவு. சட்டைப் பை நனைஞ்சிரும். அவன் அங்கிட்டுத் திரும்பி பாட்டில எடுத்து துண்டுக்குள்ள வச்சு, துண்ட தலையில சுத்திக் கட்டிட்டான். "என்னண்ணே, மாப்பிள்ளை தலப்பா?" "வெயிலு மேடம்." மாப்பிள்ளைதான். களவாணி மாப்பிள்ளை. இன்னைக்கி காலம்பற தொட்டிக்கிட்ட குந்தி அடியில கெடந்த கசண்ட வழிச்சு இந்தப் பாட்டில்ல எடுக்கும்போது பிலோமி வந்து நின்னா. "அந்தக் கழிசல் தண்ணிய எதுக்கு அள்ளுதிய?" "ஆபீசுக்கு." "ஆபீசுல கொழம்பு வைக்கப் போறியளோ?" அவ அப்பிடித்தான், வாய்க்கு வாய் குடுப்பா, ஆனா அதுக்குள்ள பழைய சூடு கெடக்கு. போன வருசம் அந்தச் செவப்புக் கருவாட்ட யாவாரி வண்டிக்காரன் திருப்பி எறிஞ்சப்ப, நாலு பேரு முன்னால இவன் சிரிப்புக் காட்டினான், "எங்க வீட்டுக்காரி உப்ப நகைப்பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிருவா, கருவாடு வெக்கப்பட்டுச் செவந்திருச்சு"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ மட்டும், "அள்ளி அள்ளிப் போட்டேன், போடப் போடத்தான் செவக்கு"ன்னு சொன்னா. யாரு கேட்டா. உப்பு கூடுனாத்தான் இந்தப் பூச்சி வளருமாம், வடிவு சொல்லி அவனுக்கு ஒரு வருசமாத் தெரியும். பொண்டாட்டிகிட்ட, நீ சொன்னது சரிதாம்ட்டின்னு ஒரு வார்த்த சொன்னானா? சொன்னா எப்பிடித் தெரியும்னு கேப்பாளே. ஒரு பொய்யி ரெண்டு பொம்பளையள வாயடைச்சு வச்சிருக்கு. கெளம்பும்போது என்ன சொல்லிட்டு வந்தான்? "மிச்சத்தக் கொட்டிட்டு தொட்டிய நல்ல தண்ணி ஊத்தி பிளீச்சிங் போட்டுத் தேச்சு வையி, நாத்தம் பொறுக்கல." நாத்தமா? தடயம். நல்ல தண்ணி பட்டா அந்தப் பூச்சி வெடிச்சுச் செத்துப்போகும், அதுவும் வடிவு சொன்னதுதான். சாகட்டும். பையில இருக்கிறது போதும். இத கல்லாந்திட்டுத் தண்ணியில கலந்து விட்டா வடிவுக்கு மறுபடியும் பூச்சி கெடச்சிரும், அவ படிப்பு முடியும், இவன் பொய் நெசமாயிரும், எல்லாரும் சந்தோசம். அப்பிடித்தான் கணக்கு. அப்புறம் எதுக்கு அதையே திரும்பத் திரும்பக் கூட்டிப் பாக்கான்?

ஓடை நடுவுல வடிவு ஒரு நிமிசம் நின்னா. தண்ணி அவ இடுப்பச் சுத்தி இழுக்குது. "இது கடைசித் தடவண்ணே. நெலையத்துப் பெரிய சாரு சொல்லிட்டாரு. அதே எடத்துல திரும்ப எடுத்துக் காட்டணுமாம். இத்தன தடவ வந்தும் கெடைக்கல, என்னன்னு கேட்டாரு. நேத்து எல்லாரு முன்னாலயும் சொன்னாருண்ணே, வெளி சரக்க தட்டுல கலந்துட்டு புதுசுன்னு சொல்லுதாங்களாம் சில பேருன்னு. என் பேரச் சொல்லல. என்னப் பாத்துக்கிட்டே சொன்னாரு." அவன் முன்னால பாத்துக்கிட்டே நடந்தான். "நான் கலக்கல. நான் ஒரு பொய்யும் சொல்லல. ஒங்களுக்குத் தெரியும்லண்ணே?" ஒங்களுக்குத் தெரியும்ல. தெரியும் தாயி. ஒனக்குத் தெரியாதது பூரா எனக்குத் தெரியும். ஒலகத்துலயே இது தெரிஞ்ச ஒரே ஆளு ஒம் முன்னால தலப்பா கட்டிக்கிட்டுப் போறான். "தெரியும் மேடம்"னு சொன்னான், குரலு அவனுது மாதிரி இல்ல, கெணத்துக்குள்ள இருந்து எவனோ சொன்ன மாதிரி இருந்துச்சு. அந்நேரம் பின்னால ஒரு சத்தம், திரும்பிப் பாத்தா அவ சறுக்கி சிப்பியில மிதிச்சுட்டா, காலத் தூக்குதா, பாதத்துல கீறி ரெத்தம் வடியுது. "எரியுதா?" "உப்புத் தண்ணிண்ணே, மருந்து போட்ட மாதிரி"ன்னு சிரிக்கா. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. முந்தின தடவயும் இப்பிடித்தான் மொழங்கால சிராச்சா. இல்லாத ஒண்ணத் தேடி. இல்லன்னு தெரிஞ்ச இவன் கூடவே வந்து, வழியெல்லாம் பாட்டுப் பாடி, கை குடுத்துக் கரையேத்தி, ஓடைத் தண்ணியில அவ ரெத்தம் கரையுறதப் பாத்துக்கிட்டு நின்னான். இன்னைக்கும் கை குடுக்கான். அந்தக் கைய அவ பிடிக்கா. விட்டுரு பிள்ளன்னு சொல்லணும்போல இருக்கு. தலையில துண்டுக்குள்ள என்னமோ ஈரமா இருக்கு. ஓடைத் தண்ணி தெறிச்சிருக்கும்.

கல்லாந்திட்டுன்னா பேருதான் பெரிசு, ஒரு மண்ணு மேடு, நடுவுல குட்டை, ஓரமெல்லாம் உப்பு பூத்து ஒடைஞ்ச கண்ணாடி மாதிரி மொறு மொறுங்குது. குட்டைத் தண்ணி இளஞ்செவப்பு. வடிவு ஓரமா உக்காந்து கீறுன கால்ல துணியச் சுத்திக் கட்டிக்கிட்டா. பாட்டில எடுத்து அவன்கிட்ட நீட்டுனா. "நீங்களே எடுங்கண்ணே. அன்னைக்கி நின்ன அதே எடத்துல. ஒங்க கைராசி." அவன் எறங்குனான். கெண்டைக்காலளவு, மொழங்காலளவு, நட்ட நடு. அன்னைக்கி வாய் கூசாம சொன்ன எடத்துக்கு இன்னைக்குத்தான் கால் வந்து சேந்திருக்கு. அவளுக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சான். ஒரு கையில அவ பாட்டிலு, இன்னொரு கை துண்டுக்குள்ள நுழையுது. விரலுக்குத் தட்டுப்படுது. மூடி எங்க? மூடி கழண்டு கெடக்கு. பாட்டில வெளிய எடுத்தா அடியில ஒரு சொட்டு, ஒட்டிக்கிட்டு. மிச்சம் பூரா துண்டுல ஊறி, மெதுவா, நெத்தி வழியா எறங்கிக்கிட்டு இருக்கு. புருவத்துல வந்து நின்னு, பெறவு கண்ணுக்குள்ள. எரியுது. அந்த ஒரு சொட்டு போதாதா? போதும். வடிவே சொல்லிருக்கா, ஒரு சொட்டுல கோடிக் கணக்குல இருக்கும்னு. ஊத்து. விரலச் சாய்ச்சாப் போதும். ஊத்துனா அவ பேரு பொஸ்தகத்துல வரும், கல்லாந்திட்டு பேரும் வரும், அப்புறம் எவனாவது ஒருத்தன், எவளாவது ஒருத்தி, அதப் படிச்சிட்டு எந்த நாட்டுல இருந்தோ வருவா, இதே ஓடையில எறங்குவா, சிப்பியில காலக் கிழிப்பா, குட்டையில தேடுவா. ஒண்ணும் கெடைக்காது. ஊருக்குப் போயி, சுடலைவடிவுங்கிறவ பொய் சொன்னவன்னு எழுதி வைப்பா. வடிவுக்குத் தல நரைச்சிருக்கும். ஒங்களுக்குத் தெரியும்லண்ணேன்னு கேக்க அப்ப கஸ்பாரு இருக்க மாட்டான், கல்லறையில கெடப்பான், அவன் பேரு மட்டும் அந்தப் பூச்சி மேல ஏறி உக்காந்துக்கிட்டு இருக்கும், எல்லாப் பாவத்துக்கும் சாட்சியா. விரலு சாயல. மரத்துப் போச்சு. வேலை போயிரும். போகும். பிலோமி சிரிப்பா. சிரிக்கட்டும், அவ சிரிச்சு நாளாச்சு. சொட்டு பாட்டிலு வாய் வரைக்கும் வந்து நிக்குது. "அண்ணே"ன்னு பின்னால இருந்து. "கருவாட்டு வாசம் அடிக்குதே, எங்கேருந்து?"

நாக்கு நுனியில தயாரா வந்து நின்னுச்சு ஒரு பகடி. மத்தியானச் சாப்பாடு தலையில சொமந்துட்டு வந்தேன் மேடம், வெயில்ல சூடா இருக்கும்னு. சொன்னா அவ சிரிப்பா. சிரிச்சா முடிஞ்சுது. இவன் வாழ்க்கையில எந்தக் குழியில விழுந்தாலும் இப்பிடி ஒண்ணு வந்து கை குடுத்து ஏத்தி விட்டுரும். அந்தப் பகடிய அவன் முழுங்குனான். லட்டு மேல போயி உக்காந்துச்சு. திரும்புனான். கண்ணத் தொறக்க முடியல, எரிச்சலு. "மேடம், நான் அன்னைக்கி இங்க வரல." அதோட நிக்காம மிச்சத்தையும் சொன்னான். "புதுநன்மை வீட்ல தின்னுட்டுத் தூங்கிட்டேன். ஒங்க தண்ணி எம் பொண்டாட்டி கருவாட்டுத் தொட்டித் தண்ணி. வேற ஒண்ணுமில்ல." உப்பு மொறுமொறுன்னு ஒடையுற சத்தம், அவ எந்திரிக்கா போல. மெதுவாக் கேட்டா, "அந்தச் செதிலு?" "சாளைச் செதிலு." "நான் ஆச்சரியமா இருக்குன்னு சொன்னப்ப நீங்களும்…" "ஆமா." "போன தடவ நான் இந்த ஓடையில விழுந்து எந்திரிச்சப்ப பாட்டுப் படிச்சுக்கிட்டு இருந்திய." "ஆமா மேடம்." "அண்ணேன்னு கூப்பிட்டேனே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஏசிருக்கலாம். செருப்பக் கழட்டிருக்கலாம், செருப்பு ஜீப்புல கெடக்கு. அவன் குட்டை நடுவுல நிக்கான், ஒரு கையில காலிப் பாட்டிலு, ஒரு கையில ஒரு சொட்டு. "இப்ப அந்தத் தொட்டி இருக்கா?"ன்னு கேட்டா, குரலு மாறி, வேலை செய்யுறவ குரலா. "இருக்கு. கழுவச் சொல்லிட்டு வந்தேன். நல்ல தண்ணி ஊத்தி." "எப்ப?" "காலம்பற." அவ போன எடுத்துப் பாத்தா. திட்டுல எந்தக் காலத்துல சிக்னலு கெடச்சுது. பிலோமி இந்நேரம் என்ன செய்வா? அவன் சொன்னது எதையும் ஒடனே செஞ்சவ இல்ல. ஏசிக்கிட்டே போட்டு வைப்பா. போட்டு வைட்டி. ஒரே ஒரு நாளு நான் சொன்னதக் கேக்காம இரிட்டி. மாதாவே, அவளுக்குக் கோவத்தக் குடு, எம் மேல நல்லாக் கோவத்தக் குடு.

"வெளிய வாங்க"ன்னா வடிவு. வந்தான். "அந்தப் பாட்டில மூடிக் குடுங்க. துண்டத் தொடாதிய, தொட்டி போயிருந்தா மிச்சம் இதுதான். கண்ணக் கசக்காதிய." துண்ட அவளே அவுத்து பையில போட்டுக் கட்டுனா. பெட்டியத் தொறந்து பஞ்சு சுத்துன குச்சி ஒண்ண உறையக் கிழிச்சு எடுத்தா. கிட்ட வந்து நின்னா. மூக்கு நுனி செவந்து கெடக்கு, அழுதாளா, வெயிலா, தெரியல. "குனிங்க." குனிஞ்சான். ஈரப் பஞ்ச அவன் நெத்தியில வச்சு, அழுத்தி, இங்கிட்டிருந்து அங்கிட்டு ஒரு இழுப்பு, மேலேருந்து கீழ ஒரு இழுப்பு. சாம்பல் புதன்ல சாமியாரு நெத்தியில சாம்பல் பூசுற மாதிரியே இருந்துச்சு, நீ மண்ணுதான்னு நெனப்பூட்டுற அந்த விரலு. "மேடம், பேரு… எம் பேரு வைக்காதிய." "வாய் அசைஞ்சா நெத்தி அசையுது. பேசாதிய." பேசல. கஸ்பாரு பொறந்ததுல இருந்து ஒருத்தர் சொல்லி வாய மூடுனது அதுதான் மொதல் தடவ. புருவத்துல ஒரு இழுப்பு. குச்சிய குழாய்க்குள்ள எறக்கி மூடுனா. சீட்டு எடுத்தா, பேனா மூடியப் பல்லால கடிச்சுக் கழட்டுனா. அவன் மூஞ்சியப் பாக்காமலே கேட்டா.

"எடம் சொல்லுங்க."

"நெத்தி"ன்னான் கஸ்பாரு. "எந் நெத்தி."

அவ எழுதுனா.